ஸ்டார்ஸ்கிரீமுக்கு எந்த உதிரி? விமானக் கிட், டாங்கிக் கிட், ரெடிமேட்

ரோபோ பொம்மையைத் தன் ரசனைக்கு மாற்ற ஆரம்பிப்பவர்கள் முதலில் பெயிண்டில் கை வைப்பார்கள். அது பழகியதும், உடம்பில் கூடுதலாக எதையாவது ஒட்டிப் பார்க்கும் ஆசை வரும். எதை ஒட்டுவது? விமான மாடல் கிட்டில் மிஞ்சியதையா, டாங்கிக் கிட்டில் மிஞ்சியதையா, இதற்கென்றே விற்கும் ரெடிமேட் பாகங்களையா? மூன்றையும் ஒரே பொம்மையில் வைத்துப் பார்ப்போம்: விமானமாக மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோவான ஸ்டார்ஸ்கிரீம், வாயேஜர் எனப்படும் அளவு வகை, ஏறத்தாழ 18 செ.மீ. உயரம். 1984இல் வந்த முதல் ஸ்டார்ஸ்கிரீமே எஃப்-15 போர் விமானமாக மாறுகிற பொம்மைதான். ஆகவே விமான உதிரிக்கு இந்தப் போட்டி சொந்த ஊர் மைதானம்.

பலரும் உதிரியின் அழகைப் பார்த்து எடுக்கிறார்கள். ஸ்கேலைத்தான், அதாவது நிஜத்தை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் (1/72 என்றால் 72இல் ஒரு பங்கு), முதலில் பார்க்க வேண்டும். 1/72 விமானத்தின் காக்பிட்டை இந்தப் பொம்மையின் நெஞ்சில் ஒட்டினால், பார்ப்பவர் மனம் அதற்குள் ஓர் ஆளை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுவிடும். ரோபோ 13 மீட்டர் உயரம் ஆகிவிடும். அங்கேயே 1/35 டாங்கியின் மேல்மூடியை ஒட்டுங்கள், அது 6 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிடும். 1/144 உதிரி என்றால் 26 மீட்டர். நிஜ எஃப்-15இன் நீளம் 19.4 மீட்டர். அது மடங்கி எழுந்து நின்றால் 13 மீட்டர் என்பதை நம்பலாம். 6 மீட்டர் என்றால் மீதி விமானம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும்.

விமானக் கிட்டில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எஞ்சினின் பின்முனை. எஃப்-15களில் இந்த முனையைச் சுற்றி முதலில் இருந்த வெளித் தகடுகளைப் பிற்பாடு கழற்றிவிட்டார்கள். அதனால் உள்ளே இருக்கும் கம்பிகளும் இணைப்புகளும் வரிசையாக வெளியே தெரியும். அந்தத் திறந்த முனையைத் தருகிற கிட் கிடைத்தால் விடாதீர்கள். 1/72இல் அது ஒன்றரை செ.மீ. அகலம்தான் இருக்கும், முதுகிலோ பாதத்துக்கு அடியிலோ வைத்தால் ரோபோவோடு பிறந்தது போலப் பொருந்தும். அடுத்தது லேண்டிங் கியர். சக்கரத்தை வெட்டிவிட்டுத் தண்டை மட்டும் கணுக்காலுக்குப் பின்னால் வைத்தால் அச்சு அசல் ஹைட்ராலிக் பிஸ்டன். ஆனால் மெல்லிய தண்டு. கையில் எடுத்து விளையாடினால் சீக்கிரமே முறியும்.

ஏவுகணைக்கு மட்டும் ஸ்கேல் விதியைத் தளர்த்தலாம். போர் விமானங்கள் சுமக்கும் சைட்வைண்டர் ஏவுகணையின் நிஜ நீளம் 3 மீட்டர், விட்டம் 127 மி.மீ. 1/72இல் அது 4 செ.மீ. நீளத்தில், 2 மி.மீ. தடிமன்கூட இல்லாமல், இந்தத் தடித்த கைகளுக்கு ஊசி மாதிரி தெரியும். 1/48இல் 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. கைக்கு ஏற்ற கனம். ஏவுகணைக்குள் யாரும் உட்காருவதில்லை என்பதால் ஸ்கேல் மாறினாலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதற்காக முழு விமானம் வாங்க வேண்டியதும் இல்லை, ஹசெகாவா என்ற ஜப்பானிய கிட் நிறுவனம் இரண்டு ஸ்கேலிலும் ஆயுதங்களைத் தனிப் பெட்டியாகவே விற்றிருக்கிறது.

டாங்கி உதிரியின் பலம் அதன் முரட்டுத்தனம்: தடித்த கம்பிவடம், கொக்கி, போல்ட் தலைகள். தரையில் ஓடுகிற ரோபோவுக்குப் பிரமாதம். பறக்கிற ஸ்டார்ஸ்கிரீமின் மேல், டாங்கியின் வெளியே கட்டியிருக்கும் மண்வெட்டியும் கோடரியும் எதற்கு?

ரெடிமேட் வேறு கதை. கோடோபுகியா என்ற ஜப்பானிய நிறுவனம் மாடல்களில் மாட்டுவதற்கென்றே விற்கும் எம்.எஸ்.ஜி. வரிசை மாதிரியான பாகங்களில் பெரும்பாலும் 3 மி.மீ. முளை இருக்கும். துளை போட்டுச் செருகலாம், பிடிக்காவிட்டால் கழற்றலாம், மூட்டோடு வருவதால் அசைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கைப்பிடித் துளை 5 மி.மீ. என்பதால் நடுவில் ஒரு குழாய்த்துண்டு தேவைப்படும், அவ்வளவுதான். குழந்தை கையில் போகிற பொம்மை என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். எனக்கு இருக்கும் ஒரே குறை, யார் செய்தாலும் ஒரே கடைச் சரக்கு போலத் தெரியும்.

விமானக் கிட்காரர்கள் கவனிக்க வேண்டியது பிளாஸ்டிக். கிட் பாலிஸ்டைரீன், பொம்மை பெரும்பாலும் ஏ.பி.எஸ்., மூட்டுகளில் சில இடங்களில் பி.ஓ.எம். என்ற வழுக்கலான கெட்டிப் பிளாஸ்டிக், மெத்தென்ற பகுதிகள் பி.வி.சி. கிட்டுக்கான கரைப்பான் பசை ஏ.பி.எஸ்.ஸில் ஓரளவு பிடிக்கும். பி.ஓ.எம்.மில் பசையை நம்பாதீர்கள், 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி கோப்பதுதான் வழி. மெத்தென்ற பி.வி.சி. மேல் பாலிஸ்டைரீனை நேராக ஒட்டவும் கூடாது. அதிலிருந்து கசியும் மென்மையூட்டி மாதக்கணக்கில் கிட் பாகத்தை இளக்கிவிடும்.

என் தேர்வு கலவைதான்: முதுகிலும் காலிலும் 1/72 விமான உதிரி, கைகளில் 1/48 ஏவுகணை, கழற்றி மாட்ட வேண்டிய துப்பாக்கிக்கு மட்டும் ரெடிமேட். எதையும் பசை போட்டு ஒட்டும் முன் புளூடாக்கில் (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் போன்ற பசை) நிறுத்திவிட்டு, பொம்மையை ஒருமுறை விமானமாக மாற்றிப் பாருங்கள். இறக்கை மடங்கும் இடத்தில் 2 மி.மீ. கூடினாலே அது பாதியில் நின்றுவிடும்.