ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளம்: முரண்படும் குடும்ப ஆவணங்களுக்குக் கைகொடுக்கிறதா?

கனடாவுக்குக் குடியேறிய ஸ்காட்லாந்து மூதாதையரின் கல்லறை ஒரு பிறந்த ஆண்டைச் சொல்லும், குடும்ப பைபிள் வேறொன்றைச் சொல்லும். அப்போது முதலில் திறக்க வேண்டியது ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இந்தத் தளத்தைத்தான். தேடுவது பெரும்பாலும் இலவசம். மூலப் பதிவின் படத்துக்குத்தான் கிரெடிட் (தளத்தில் காசு கொடுத்து வாங்கும் புள்ளிகள்) வாங்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் கட்டாயப் பதிவு 1855-இல் தொடங்கியது. அதன் பிறகான திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. ஒரே ஊரில் நாலு ஜான் மெக்டொனால்டு இருந்தாலும் அம்மா பெயரை வைத்துப் பிரித்துவிடலாம். காசு செலவழிப்பதானால் இதற்கே செலவழியுங்கள். ஆள் கல்யாணத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டாரா? ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் இறப்புப் பதிவை எடுங்கள். பெற்றோர் பெயர் அதிலும் உண்டு.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள வயதை அப்படியே நம்ப வேண்டாம். 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதச் சொல்லியிருந்தார்கள். 24 வயதுக்காரர் 20 என்று இருப்பார்.

1855-க்கு முன்பு தேவாலயப் பதிவேடுகள்தான். அவற்றில் இடைவெளிகள் அதிகம். சில பதிவுகளில் ஞானஸ்நானத் தேதி மட்டுமே இருக்கும், பிறந்த தேதி இருக்காது. குடும்பப் பெயரின் தொடக்கத்தை மெக் (Mc), மாக் (Mac) என இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள்.