கூம்பு ஃபில்டரைக் கழற்றலாமா? கிளாசிக் 350இல் இரண்டரை ஆண்டு அனுபவம்

2014இல் வாங்கிய என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே நேராக மாட்டும் கூம்பு ஃபில்டரை 2023 ஜனவரியில் பொருத்தினேன். ஏறத்தாழ 21,000 கிலோமீட்டர் ஓட்டியபின், இதை வைத்துக்கொள்வதா, பழைய பெட்டிக்கே திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தது. ஃபில்டரின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. எண்ணெய் தோய்ந்த பருத்தியால் ஆன, கழுவி மீண்டும் பயன்படுத்தக்கூடிய கூம்புகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இந்த விமர்சனமும் அந்த வகையைப் பற்றியதுதான்.

முதலில் பொருளின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1,850 ரூபாய்க்கு வாங்கிய கூம்பு இன்றும் கிழியவில்லை, ரப்பர் கழுத்து வெடிக்கவில்லை, கிளாம்ப் துருப்பிடிக்கவில்லை. நான்கு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் விட்டிருக்கிறேன். மடிப்புகள் அப்படியே நிற்கின்றன. ஆக்சிலரேட்டரைத் திறந்தவுடன் தொடைக்குக் கீழிருந்து எழும் அந்த ஆழ்ந்த உறிஞ்சல் ஒலிக்காக மட்டுமே பலர் இதை வாங்குகிறார்கள் என்றால் எனக்கு வியப்பில்லை. நானும் அந்த ஒலியில் மயங்கியவன்தான். வண்டி புதுப்பலம் பெற்றுவிட்டதாக முதல் மாதம் முழுவதும் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பலம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை அளந்து பார்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. மாட்டுவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும். அதைச் செய்யாதது என் தவறு. ஆகவே சென்ற ஜூன் மாதத்தில், பழைய பெட்டியையும் பழைய ஜெட்டுகளையும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகுகள்; கூம்புக்காக இவற்றையும் மாற்றியிருந்தேன்) இரண்டு வாரங்களுக்குத் தற்காலிகமாக மாட்டி ஒப்பிட்டேன். ஞாயிறு அதிகாலையில், ஒரே சாலைத் துண்டில், நான்காவது கியரில் 40இலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் நேரத்தை, பின்னால் அமர்ந்திருந்த நண்பன் கைபேசியில் குறித்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் ஆறு ஓட்டங்கள். கூம்புடன் சராசரி 11.2 விநாடி, பெட்டியுடன் 11.4 விநாடி. விரலால் அழுத்தும் நேரமானியில் கால் விநாடி பிழை சாதாரணமாகவே வரும் என்பதால், இந்த வித்தியாசத்தை வித்தியாசம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த இன்ஜின் 346 சிசி; அதன் உச்ச முறுக்குவிசையான 28 நியூட்டன் மீட்டர் 4,000 ஆர்பிஎம்மில் வருகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கிறது. சிலிண்டர் முழுவதும் நிரம்புவதாக வைத்துக்கொண்டாலும் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 690 லிட்டர் காற்றுதான் தேவை. கம்பெனி கொடுத்த காகித ஃபில்டர், சுத்தமாக இருக்கும்வரை, இந்த அளவைத் தடையின்றிக் கொடுத்துவிடும். பத்தாயிரம் சுற்றைத் தாண்டும் இன்ஜினுக்கும், அடிச்சுற்று இழுவைக்காக 90 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக்குடன் செய்யப்பட்ட இந்த இன்ஜினுக்கும் ஒரே மருந்து பொருந்தும் என்று நாம் நினைத்ததுதான் பிசகு.

இந்த மாற்றத்தின் உண்மையான சிக்கல் கார்புரேட்டரில் இருக்கிறது. இந்த மாடலில் உள்ளது 29 மில்லிமீட்டர் வாக்குவம் கார்புரேட்டர். பழைய புல்லட்டில் ஆக்சிலரேட்டர் கேபிள், காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடை நேராகத் தூக்கும். இதில் நாம் திறப்பது ஒரு தகட்டை மட்டுமே. ஸ்லைடைத் தூக்குவது, அதன் தலையில் உள்ள மெல்லிய ரப்பர் டயஃப்ரமின் மேலும் கீழும் நிலவும் காற்றழுத்த வேறுபாடு. கீழ்ப்பக்கத்துக்கு வேண்டிய அழுத்தம் கார்புரேட்டர் வாயின் விளிம்பில் உள்ள ஒரு சிறு துளை வழியாகப் போகிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் காற்று அடங்கி நிற்கும் என்று எதிர்பார்த்தே இந்த ஏற்பாடு அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கிறது. பெட்டியை எடுத்துவிட்டால், குறுக்குக்காற்றும் லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றும் நேரே அந்தத் துளையில்தான் விளையாடுகின்றன.

என் வண்டியில் இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. மாட்டிய நாள் முதல் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஒரு திக்கல் இருந்தது. மெயின் ஜெட்டை இரண்டு அளவு கூட்டியும், பைலட் ஜெட்டை மாற்றியும், ஸ்லைடோடு ஏறியிறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசியான நீடிலை ஒரு வாஷர் உயர்த்தியும் அது போகவில்லை. மூன்று முறை டியூனிங்குக்குக் காசு கொடுத்தபின், ஒருநாள் நானே கூம்பை உருவி, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கூம்பின் ரப்பர் கழுத்துக்கு உட்புறமாக ஓர் உதடு இருந்தது. அது கார்புரேட்டர் வாயின் விளிம்பில் படிந்து, அந்தச் சிறு துளையில் முக்கால் பங்கை மூடியிருந்தது. ரப்பரில் துளையின் அச்சு பிறைநிலா போலப் பதிந்திருந்ததை இப்போதும் காட்டமுடியும். பிளேடால் அந்த உதட்டைச் சீவி எடுத்ததும் திக்கலில் பெரும்பகுதி மறைந்தது. கூம்பை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தவர்கள் ஜெட் வாங்கக் கிளம்புமுன் இந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது புழுதி. தினமும் சேலத்திலிருந்து கருப்பூர் வழியாக ஓமலூர் போய்வருகிறேன். வெள்ளைக்கல் பூமி அது. கோடையில் லாரிகளின் பின்னால் போனால் சட்டைக் காலரே சாட்சி சொல்லும். பருத்திக் கூம்பு காற்றைத் தாராளமாக விடுவது அதன் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளியால்தான். நுண்ணிய தூளைப் பிடிக்கும் பொறுப்பு அதிலுள்ள எண்ணெயைச் சேர்ந்தது. எண்ணெய் காய்ந்தால் புழுதி உள்ளே போகும், கூடினால் எண்ணெயே கார்புரேட்டருக்குள் சொட்டும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: ஃபில்டருக்கு உட்புறம், கார்புரேட்டர் வாயில், மெல்லிய கிரீஸ் பூச்சு ஒன்றை விட்டுவிட்டு 500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது. நான் அப்படிச் செய்து, பிறகு அந்தக் கிரீஸை இரு விரல்களுக்கிடையே தேய்த்தபோது நறநறவென்றது. பெட்டியும் புதிய காகித ஃபில்டரும் மாட்டிய இரண்டு வாரத்தில் அதே தூரத்துக்குப்பின் தேய்த்தபோது கிரீஸ் கிரீஸாகவே இருந்தது. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு அந்த இரு விரல்களுக்கிடையே எழுதப்பட்டுவிட்டது. மற்றவை எல்லாம் துணைச் சான்றுகள்தான்.

அந்தத் துணைச் சான்றுகளில் மைலேஜும் ஒன்று. லிட்டருக்கு 36 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, பெரிய ஜெட்டுகளுக்குப்பின் 30ஐத் தாண்டவில்லை. திறந்த கூம்பு இன்ஜினுக்குப் பின்னால் நின்று, சிக்னலில் சூடான காற்றையே இழுக்கிறது. காற்றின் வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும் என்பதால், கூடுதல் காற்று என்ற வாக்குறுதி நகர நெரிசலில் தலைகீழாகிவிடுகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் மறந்துவிடக்கூடாது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு என்றிருந்த காற்றின் தேவை சுமார் 13.5 ஆகக் குறைகிறது. எரிபொருளை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் எஃப்ஐ வண்டி இதைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும்; கார்புரேட்டர் வண்டியோ அதே ஜெட்டுடன், காற்றுக்கேற்ற எரிபொருள் இல்லாமல், சற்று வறண்டு எரியும். ஏற்கெனவே வறண்டு நிற்கும் அமைப்பில் இதுவும் சேர்ந்தால், ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

மழையில் இருமுறை கூம்பு நனைந்து வண்டி இருமியது. அதற்கென்று உறை விற்கிறார்கள், போட்டால் காற்று குறையும். சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. கூம்புக்காக என்னை யாரும் நிறுத்தியதில்லை, சைலன்சருக்காக நிறுத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உடனே கழற்றிவிட மனம் வரவில்லை. செலவழித்த காசு ஒரு காரணம். அந்த ஒலி இன்னொரு காரணம். ஜெட், நீடில், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் போயிருந்தது. கழற்றுவதும் ஒரு வேலைதான் என்பது மெக்கானிக் அண்ணனிடம் பேசியபோது புரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "பொட்டிய வித்துடலையே தம்பி?" என்பதுதான். நல்லவேளையாக, பெட்டி பரணில் கிடந்தது. பழைய மெயின் ஜெட்டும் பைலட் ஜெட்டும் ஒரு ஃபிலிம் டப்பாவில் பத்திரமாக இருந்தன. பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் மட்டும் கல்லாக இறுகிப்போயிருந்தது. அதைச் சூடாக்கி வளைத்து மாட்டாமல் புதிதாகவே வாங்கினோம். அந்த இணைப்பில் கசிவு இருந்தால் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு புழுதி நேரே உள்ளே போய்விடும், பெட்டி மாட்டியதற்குப் பொருளே இல்லாமல் போகும். இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாயையும் பெட்டியோடு திரும்ப இணைத்தோம். கூம்பு மாட்டிய காலம் முழுவதும் அது தொங்கிக்கொண்டு வண்டியின் அடியில் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. புதிய குழாய், காகித ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய் ஆயிற்று.

ஜூலை முதல் வாரத்திலிருந்து பெட்டியுடன்தான் ஓட்டுகிறேன். காலையில் சோக் இழுத்து ஒரே நிமிடத்தில் ஐடிலிங் நிலைத்துவிடுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் தடதடப்பின்றி இழுக்கிறது. கூம்புடன் அங்கே கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. மைலேஜ் 34க்கு வந்திருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலரேட்டரை மூடித் திறக்கும்போது வரும் அந்த ஒரு கணத் தயக்கம் இல்லாததால், முன்பைவிடக் குறைந்த களைப்போடு மேலே சேர்ந்தேன். ஒலி போய்விட்டது; அதை மறுப்பதற்கில்லை. வண்டி சற்று ஊமையாகிவிட்டதுபோல் முதல் வாரம் தோன்றியது.

வால்வுகளைத் திறக்கும் கேம், சைலன்சர், கார்புரேட்டர் எல்லாவற்றையும் ஒரு கணக்கோடு சேர்த்து மாற்றுபவர்களுக்கும், எரிகலவையை அளந்து ஜெட் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் இந்தக் கூம்பு ஒருவேளை பயன்படலாம். என்னைப்போல் வேலைக்கும் வீட்டுக்கும் ஓட்டுபவர்களுக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண்; அந்த ஒன்றரையும் தையல் தரத்துக்கு. இன்னும் முடிவாகாத விஷயம் ஒன்றுதான். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய சைலன்சர் வண்டியில் இன்னும் இருக்கிறது. கம்பெனி ஜெட்டோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். வெளிர் பழுப்பு என்றால் கலவை சரி, வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை; பீங்கான் பகுதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். பழைய சைலன்சரும் அதே பரணில்தான் கிடக்கிறது என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.