முகாம் பெண்ணின் படிப்புக்கு மாதம் 1,500: ஒரு வருடம் கட்டிய அனுபவம்

கோபிப் பக்கம் இருக்கும் ஒரு டிரஸ்ட் வழியாக, பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு பெண்ணின் பி.காம். படிப்புக்கு ஒரு வருடமாகக் கட்டி வருகிறேன். குறையும் எழுதப் போவதால் டிரஸ்ட் பெயர் வேண்டாம்.

"காலேஜ் ஃபீஸ் இல்லாம படிப்ப நிறுத்தற புள்ளைங்க கம்மிங்க, சில்லறைச் செலவுலதான் நிறுத்தறாங்க" என்று டிரஸ்ட் ஆபீஸ் அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. டவுன் பஸ் 2021லிருந்து பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் எக்ஸாம் ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, போன் ரீசார்ஜ் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும், வீட்டில் அம்மா ஒருத்தர் கூலி மட்டும் என்றால் பிள்ளை அடுத்த வாரம் நூல் மில்லுக்குப் போய்விடும். டிரஸ்ட்காரர்கள் அந்த மாதம் பார்த்துக் கொடுக்கிறார்கள், அதுவும் அம்மாவின் கணக்கில்.

அப்புறம் பேப்பர் வேலை. போர் 2009லேயே முடிந்துவிட்டது, இந்தப் பெண் பிறந்ததும் இங்கேதான், ஆனாலும் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரில் ஒருத்தர்கூட இந்தியர் இல்லை என்றால் குடியுரிமை தானாக வராது. படித்து முடித்து பாஸ்போர்ட் கேட்கும் வேலைக்குப் போனால் அங்கேயே மாட்டிக்கொள்வாள். மாதம் ஒரு சனிக்கிழமை வக்கீலம்மா ஒருவர் வந்து பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு எல்லாம் பார்த்துத் தருகிறார். என் காசில் கொஞ்சம் இதற்குப் போவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, குறை. ஒரு மண்டபத்தில் விழா வைத்து, அட்டையில் செய்த பெரிய செக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்து நிறுத்தி, பெயர், முகாம், அப்பா இறந்த கதை வரை எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளையை இப்படி நிறுத்துவோமா? கேட்டதற்கு "டோனருங்க கேக்கறாங்க சார்" என்றார்கள். சண்டை போட்டபின் நான் கட்டும் பெண்ணின் படத்தைப் போடுவதை மட்டும் நிறுத்தினார்கள், மற்ற பிள்ளைகள் படம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு வேண்டுபவர்கள் கவனிக்க: புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது, 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. அந்தக் கழிவுக்காக டிரஸ்ட் மே 31க்குள் தர வேண்டிய 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழை மூன்று தடவை கேட்டு ஜூலையில்தான் வாங்கினேன்.

ஐந்துக்கு மூன்று. முன்னாடி கட்டிக்கொண்டிருந்த வேறொரு இடத்திலிருந்து வரும் ரிப்போர்ட்டில் எல்லாப் பிள்ளையும் எப்போதும் 'நன்றாகப் படிக்கிறாள்'தான், இவர்கள் அக்கவுண்டன்சியில் ஒரு அரியர் என்று மறைக்காமல் எழுதியிருந்தார்கள், அதற்கு அரை சேர்த்து மூன்றரை.