பழைய கீபோர்டு டிஸ்க்குகளை ‘டேட்டா ரெக்கவரி’ கடையில் கொடுப்பதற்கு முன்

தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர்கள் வீட்டுப் பரணில் இன்றும் ஒரு பெட்டி பிளாப்பி டிஸ்க் கிடக்கும். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முக்கியமாக என்சோனிக் இபிஎஸ், ஏஎஸ்ஆர்-10 (வெளி ஒலியைப் பதிந்து கட்டைகளில் வாசிக்க வைக்கும் கீபோர்டுகள்) வைத்திருந்தவர்கள் முழுதாகப் படியுங்கள். எந்த டேட்டாவையும் மீட்டுத் தருவதாகப் பலகை மாட்டியிருந்த சென்னைக் கடை ஒன்றில் எங்கள் குழுவின் டிஸ்க்குகளைக் கொடுத்தேன். பாதிக்கு மேல் அழித்துவிட்டார்கள். அழித்ததை மறைக்க, வேறு யாரோ வாசித்த ஒலியைப் பென் டிரைவில் போட்டு அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டியில் இரண்டு வகை டிஸ்க் இருந்தது. ஒன்று, ரோலண்ட் எக்ஸ்பி-80இல் நான் புரோகிராம் செய்த மிடி பாட்டுகள், அதாவது எந்தக் கட்டையை எப்போது அழுத்துவது என்ற குறிப்பு மட்டும். அவை போனால் திரும்ப உட்கார்ந்து செய்துவிடலாம். இன்னொன்று ஏஎஸ்ஆர்-10இல் எடுத்த சாம்பிள்கள், அதாவது நிஜ வாத்தியத்தைப் பதிந்த ஒலித் துண்டுகள். எங்கள் ஊர்த் தவில்காரர், நாங்கள் எல்லாரும் மாமா என்று கூப்பிடுபவர், ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தவிலின் ஒவ்வொரு சொல்லையும் (அடியையும்) தனித்தனியாக வாசித்துக் கொடுத்தார். வலது பக்கமான வலந்தலையில் விரல் கூட்டோடு, இடது பக்கமான தொப்பியில் கழியோடு, மெதுவாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அவர் கையை வேறு யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அதனால்தான் எனக்கு இது காசு விஷயமே இல்லை.

கீபோர்டு பழுதாகிப் போனது. என்சோனிக் கம்பெனியை 1998இலேயே கிரியேட்டிவ் வாங்கிவிட்டது, உதிரி பாகத்துக்கு எங்கே போவது? சரி, டிஸ்க்கில் இருப்பதையாவது கணினிக்கு மாற்றிவிடலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். இவை சாதாரண கணினி டிஸ்க் இல்லை, என்சோனிக் கீபோர்டு தன் பாணியில் எழுதியவை என்று சொன்னேன். ஒவ்வொரு லேபிளிலும் அதை எழுதியும் ஒட்டியிருந்தேன். “எல்லா பார்மட்டும் பண்ணுவோம் சார், கவலைய விடுங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர். ஒரு டிஸ்க்குக்கு 600 ரூபாய், பாதி முன்பணம்.

அந்தக் கடையில் என்ன நடந்திருக்கும் என்பதை இப்போது நன்றாகவே சொல்ல முடியும். சாதாரண 1.44 எம்பி டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள் (வட்ட வரிகள்), ஒவ்வொரு தடத்திலும் 18 செக்டர் (துண்டுகள்). அதே டிஸ்க்கில் ஏஎஸ்ஆர்-10 ஒரு தடத்துக்கு 20 செக்டர் எழுதும், 1.6 எம்பி பிடிக்கும். ஃபைல்களை அடுக்கும் முறையும் முற்றிலும் வேறு. கடைகளில் விற்கும் யூஎஸ்பி பிளாப்பி டிரைவுக்கு இதெல்லாம் புரியாது. டாஸ் முறையில், அதாவது சாதாரண கணினி முறையில் எழுதியதை மட்டும்தான் படிக்கும். என்சோனிக் டிஸ்க்கைப் போட்டால், “இந்த டிஸ்க் பார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?” என்று விண்டோஸ் கேட்கும். விவரம் தெரிந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். இவர்கள் ‘சரி’யை அழுத்தியிருக்கிறார்கள். பிளாப்பியை முழுதாக பார்மட் செய்தால் ஒவ்வொரு தடமும் புதிதாக எழுதப்படும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளும் மீட்க முடியாது.

கை தவறி நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கொடுக்கும்போது ஒவ்வொரு டிஸ்க்கிலும் மூலையில் இருக்கும் குட்டி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். 3.5 அங்குல டிஸ்க்கில் அது திறந்திருந்தால் டிரைவால் எழுத முடியாது, பார்மட்டும் நடக்காது. திரும்பி வந்த என்சோனிக் டிஸ்க்குகளில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. யாரோ ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் தள்ளி மூடிவிட்டுத்தான் பார்மட் செய்திருக்கிறார்.

பென் டிரைவை வாங்கி வந்து கேட்டேன். ‘தவில் 1’, ‘தவில் 2’ என்று என் லேபிளில் இருந்த பெயர்களிலேயே வேவ் ஃபைல்கள். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, இது மாமா கை இல்லை. நாங்கள் எடுத்தது ஒற்றைச் சேனலில், தனித்தனி அடிகள். வந்திருந்தது ஸ்டீரியோவில் தொடர்ந்து ஓடும் லூப், எதிரொலி எஃபெக்ட்டோடு. ஒரு ஃபைல் 42 விநாடி. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒற்றைச் சேனல் ஒலி விநாடிக்கு 88,200 பைட் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஏஎஸ்ஆர்-10 டிஸ்க் ஒன்றில் சுமார் 18 விநாடிதான் அடங்கும். 42 விநாடி ஸ்டீரியோ என்றால் 7 எம்பிக்கு மேல். ஒரே பிளாப்பியிலிருந்து அது எப்படி வரும்? இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய லூப்பைப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன் செய்து கேட்டதற்கு, “சார், உங்க டிஸ்க் பாதி பிளாங்க் சார், இருந்தத எடுத்துக் குடுத்துட்டோம்” என்றார்கள். பிளாங்க் என்று அவர்கள் சொன்ன டிஸ்க்கை நண்பர் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தோம். காலி இடம் 1,457,664 பைட் என்று காட்டியது. டாஸ் முறையில் புதிதாக பார்மட் செய்த 1.44 டிஸ்க் காட்டும் எண் அது. ஏஎஸ்ஆர்-10 எழுதிய டிஸ்க் அப்படிக் காட்டவே காட்டாது. இதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். எங்களிடம் கருவி இல்லை, செய்யத் தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் பெட்டியை எடுத்து வந்திருப்பேன்.

ரோலண்ட் டிஸ்க்குகள் டாஸ் முறையில் எழுதியவை என்பதால் பெரும்பாலானவை நல்லபடியாக வந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதிலும் சில மிடி ஃபைல்கள் பெயரும் அளவும் சரியாக இருந்தும் வாசிக்கவில்லை. உள்ளே திறந்தால் வெறும் பூஜ்ஜியங்கள். படிக்க முடியாத செக்டர்களைப் பூஜ்ஜியமாக நிரப்பிவிட்டு, முழுதாக மீட்டதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். மிடி ஃபைல் எதுவானாலும் நோட்பேடில் திறந்தால் முதல் நான்கு எழுத்து எம், டி, எச், டி (MThd) என்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த ஃபைல் கெட்டது. பணம் கொடுப்பதற்கு முன்பே, கடையில் நின்று, எல்லா ஃபைலையும் ஓட்டிக் கேளுங்கள். அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால் கறுப்புத் தகட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதைச் சுத்தம் செய்யாமல் டிரைவில் போட்டால், தகட்டைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு ஏறி, சுற்றுகிற தகட்டை வட்டமாகச் சுரண்டிவிடும். அதே ஹெட் அடுத்த டிஸ்க்கையும் கெடுக்கும். என் ரோலண்ட் டிஸ்க் இரண்டில் அந்த வட்டக் கீறல் புதிதாக விழுந்திருக்கிறது.

கடைக்குக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருந்த என்சோனிக் டிஸ்க்குகளைப் பிறகு வேறொரு டெக்னீஷியன் எடுத்துக் கொடுத்தார். அவர் முதலில் கேட்டதே “எந்தக் கீபோர்டில் எழுதினது, ஜன்னல் திறந்திருக்கா?” என்றுதான். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் தகட்டைத் துடைத்தார். பழைய கணினியிலிருந்து கழற்றிய டிரைவைக் கிரீஸ்வீசில் என்ற சிறிய பலகையோடு இணைத்தார். அது தகட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்துகொள்ளும். பார்மட் என்ன என்பதைப் பிறகு மென்பொருளில் பிரித்துக்கொள்ளலாம். இப்படிப் படிக்கும்போது டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாது. எல்லாமே முழுதாக வந்துவிட்டன. அவற்றில் நாகஸ்வரமும் தம்புராவும் இருக்கின்றன, தவில் இல்லை. கிரீஸ்வீசிலோ, அதே மாதிரிக் கருவியான கிரையோஃபிளக்ஸோ வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தப் பெயரையே கேள்விப்படாதவர் கையில் டிஸ்க்கைக் கொடுக்கவே வேண்டாம்.

பில், பென் டிரைவ், டிஸ்க்குகளின் படம் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் ஆலோசனை வேண்டுமானால் 1915 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கக் குழுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் நாம் சாம்பிள் டிஸ்க்குகளை ஒருவருக்கொருவர் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டோம். எங்கள் தவில் டிஸ்க்கின் காப்பி யாரிடமாவது இருக்கலாம். பெட்டியைத் தேடிப் பாருங்கள். இருந்தால், ஜன்னலைத் திறந்து வையுங்கள், எந்தக் கணினியிலும் போடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.