புது டிஸ்க் என்று வாங்கினேன், உள்ளே யாருடைய வாசலோ இருந்தது

ஹார்டு டிஸ்க் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், குறிப்பாக லினக்ஸ் கணினிக்கு வாங்குபவர்கள், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் ஏமாந்தது ஒரு 4 டெராபைட் டிஸ்க்கில். விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் இன்னொரு கடை விரிப்பார்கள். எந்த வழியில் ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

டிஸ்க் உறை பிரிக்காமல்தான் வந்தது. வெள்ளி நிற ஆன்டிஸ்டாட்டிக் பை, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், எல்லாம் முறையாக. எனக்கும் கொஞ்சம் விவரம் தெரியும் என்ற நினைப்பு உண்டு. உடனே கணினியில் மாட்டி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் இருக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஹைபன் போட்டு, பெரிய ஹெச் கொடுத்து ஓட்டினேன். 'பாஸ்டு' என்று ஒற்றைச் சொல் வந்தது. பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம், எத்தனை என்றும் பார்த்தேன்: 2. புத்தம் புது டிஸ்க். அதற்குமேல் என்ன வேண்டும் என்று மூடிவிட்டேன்.

பிறகு செய்ததுதான் பெரிய தப்பு, அது முழுக்க என்னுடையது. பழைய இரண்டு டிஸ்க்குகளில் இருந்த படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், பத்து வருட வேலை எல்லாவற்றையும் இதில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு பழையதில் ஒன்றைத் துடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் ஓடியது. ஒருநாள் ஒரு ஃபைலைச் சேமிக்கப் போனால் 'ரீட் ஒன்லி' என்கிறது. லினக்ஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் பல கணினிகளில் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும்: பிழை கண்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் விடும். லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் லாக்கைத் திறந்தால் ஐ/ஓ எரர் (படிக்க, எழுத முடியாத பிழை), ஐ/ஓ எரர் என்று வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு செக்டர் எண், அதாவது டிஸ்க்கில் ஒரு சிறு துண்டின் எண். பெட்டிக்குள்ளிருந்து அவ்வப்போது டக், டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு வயிறு என்ன செய்யும் என்று தெரியும்.

அங்கேயே மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். பதற்றத்தில், டேட்டா மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மாட்டிப் பார்த்தார். அவரும் அதே கட்டளையைத்தான் அடித்தார். அதே 'பாஸ்டு'. "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு சார், ஃபைல் சிஸ்டம்தான் கலைஞ்சுபோச்சு, சரி பண்ணிடலாம்" என்றார். பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை, எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்று அதுவே பதில் சொல்லிக்கொள்ளும்படி ஒய் கொடுத்து ஓடவிட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு செய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். எஃப்எஸ்சிகே ஒரு பிளாக்கைப் படிக்க முடியாமல் போனால் இரண்டு கேள்வி கேட்கும். பிழையைப் பொருட்படுத்தாமல் மேலே போகலாமா? அந்த இடத்தில் கட்டாயமாகத் திருப்பி எழுதட்டுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் இன்னோடு அட்டவணையின் மேலேயே எழுதிவிடும். டிஸ்க்கின் தலை இன்னும் நாலு தடவை முயன்றிருந்தால் படித்திருக்கக்கூடிய தகவலாக அது இருக்கலாம். எழுதிய பிறகு இல்லை. திரையில் 'ஆம்', 'ஆம்', 'ஆம்' என்று ஓடிக்கொண்டிருந்ததை நான் முன்னேற்றம் என்று நினைத்து நின்று பார்த்தேன்.

முடிந்தபோது 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' கோப்புறையில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள். பெயர் இல்லை, தேதி வரிசை இல்லை, வெறும் எண்கள். "மீட்டாச்சு சார்" என்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்துதான் புத்தி வந்தது. ஹெச்சுக்குப் பதிலாக எக்ஸ் கொடுத்து, முழு அறிக்கையையும் வரிவரியாகப் படித்தேன். ஐந்தாம் எண் வரி, ரீஅலோகேட்டட் செக்டர்: 32. நூற்றுத் தொண்ணூற்றேழு, கரன்ட் பெண்டிங் செக்டர்: 48. முதலாவது, கெட்டுப்போனதால் டிஸ்க் தன் உபரி இடத்துக்கு மாற்றிக்கொண்ட செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். அவற்றின் மேல் அடுத்து எழுதும்போதுதான் பிழைக்குமா, ஒதுக்கப்படுமா என்று முடிவாகும். எஃப்எஸ்சிகே திருப்பி எழுதியதில் 'தவிக்கும்' கணக்கிலிருந்து 'ஒதுக்கிய' கணக்குக்குப் போனவைதான் அந்த 32 என்பது என் கணிப்பு. அதாவது என் டேட்டா.

இத்தனைக்குப் பிறகும் மேலே 'பாஸ்டு' என்றுதான் இருந்தது! காரணம் எளியது. ஒவ்வொரு வரிக்கும் டிஸ்க் தயாரிப்பாளர் ஒரு மதிப்பெண்ணும் ஒரு எல்லைக்கோடும் வைத்திருக்கிறார். மதிப்பெண் எல்லையைத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோதான் 'ஃபெயில்டு' வரும். ரீஅலோகேட்டட் வரியில் மதிப்பெண் 100, எல்லை 10 என்று வைத்திருக்கும் டிஸ்க்குகள் உண்டு; நூற்றுக்கணக்கில் செக்டர் செத்தாலும் அது அசையாது. பெண்டிங் வரிக்கோ பெரும்பாலும் எல்லையே பூஜ்யம். அந்த வரியில் எத்தனை எண்ணிக்கை வந்தாலும் 'ஃபெயில்டு' வராது. அதனால் கடைசி நெடுவரிசையில் இருக்கும் ரா வேல்யூவை, அதாவது மதிப்பெண்ணாக மாற்றாத நேரடி எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். 5, 197, அவற்றோடு சரிசெய்ய முடியாத பிழைகளை எண்ணும் 187, 198 இந்த நான்கும் பூஜ்யமாக இருந்தால்தான் எனக்கு இப்போது தூக்கம் வரும்.

பூஜ்யமாக இருப்பதும் உறுதிமொழி ஆகாது. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், அந்தக் கட்டுரை முக்கியம் என்று எடுத்துக்கொண்ட நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தவை. ஆனால் முதல் ஸ்கேன் எரர் (டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்துவிட்ட டிஸ்க், வராததைவிட 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. எண் ஏறினால் நம்பலாம், ஏறாவிட்டால் நம்ப முடியாது.

இரண்டு இடத்தில் வீணாகப் பயப்படவும் வேண்டாம். 'ப்ரீ ஃபெயில்' என்று ஒரு நெடுவரிசையில் எழுதியிருக்கும்; அது வரியின் வகை, உங்கள் டிஸ்க் சாகப்போகிறது என்ற செய்தி கிடையாது. 199ஆம் வரி, சிஆர்சி எரர், ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றினால் போதும் என்ற இடத்தில் டிஸ்க்கையே மாற்றச் சொல்லிக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த டிஸ்க்கில் இனி எதுவும் எழுதக் கூடாது என்று முடிவுசெய்து, பழுதான டிஸ்க்கிலிருந்து பிரதி எடுக்கும் குனு டிடிரெஸ்க்யூ வைத்து இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுத்தேன். டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளையின் பெயரில் அந்த ஜி கிடையாது. இதில் நானே அரைமணி நேரம் குழம்பினேன். முதல் சுற்றில் சிறிய என் கொடுத்தால் சிக்கலான இடங்களில் மல்லுக்கட்டாமல், சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும். எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். அடுத்த சுற்றில் ஆர் 3 கொடுத்து, மோசமான இடங்களை மூன்று முறை திரும்ப முயலச் சொன்னேன். கடைசியில் சில கிலோபைட் தவிர எல்லாம் வந்தது. எஃப்எஸ்சிகேக்கு முன்னால் இதைச் செய்திருந்தால், பிரதியின் மேல் என்ன விளையாட்டு வேண்டுமானாலும் விளையாடியிருக்கலாம்.

பிரதியின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காது. படம், வீடியோ போன்றவற்றின் தொடக்க அடையாளங்களைத் தேடித்தேடிப் பொறுக்கும். என் படங்கள் வந்தன. கூடவே நான் எடுக்காத வீடியோத் துண்டுகளும் வந்தன, நூற்றுக்கணக்கில். ஒன்றைத் திறந்தேன். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு வாசல், இரும்பு கேட், அதைத் திறந்துகொண்டு ஒருவர் சைக்கிளை உள்ளே தள்ளுகிறார். மூலையில் வெள்ளை எழுத்தில் தேதியும் மணியும். நான் டிஸ்க் வாங்குவதற்கு மூன்று வருடம் முந்தைய தேதி.

கண்காணிப்புக் கேமரா ரெக்கார்டரில் இராப்பகலாக ஓடிய டிஸ்க். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதைக் கழற்றி, பவர் ஆன் ஹவர்ஸ் கணக்கைப் பூஜ்யமாக்கி, ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு ஒட்டி, 'புதிது' என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். மற்றத் துண்டுகளைத் திறக்காமல் நீக்கினேன். அடுத்தவர் வீட்டு வாசலை உட்கார்ந்து பார்க்க எனக்கு மனமில்லை. சைக்கிள்காரரின் ஒரு ஸ்டில்லை மட்டும், முகத்தை மறைத்து, சாட்சிக்கு வைத்துக்கொண்டேன்.

தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. வாங்கிய அன்று இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்போதும் அதை நினைத்தால்தான் அதிகமாக எரிச்சல் வருகிறது.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் தொழில்நுட்பச் செய்தி நிறுவனமான ஹைஸே, புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல உண்மையில் பழையவை என்று அம்பலப்படுத்தியது. ஸ்மார்ட் கணக்கு பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட, உள்ளே தனியாக இருக்கும் ஃபார்ம் என்ற பதிவேடு 15,000 முதல் 50,000 மணி நேரம்வரை காட்டியது. அந்த டிஸ்க்குகளை அந்தக் கடைகளுக்குத் தாங்கள் விற்கவில்லை என்றது சீகேட் நிறுவனம். சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடியவை என்று சந்தேகம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 முதல், சிறிய எல் கொடுத்து ஃபார்ம் என்று கேட்டால் அந்தப் பதிவேட்டைப் படிக்கலாம். சீகேட் டிஸ்க் வாங்குபவர்கள் இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

விற்றவருக்கு எழுதினேன். பதில் வந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். "நீங்க அனுப்பின ரிப்போர்ட்லயே பாஸ்டுன்னு இருக்கே சார், டிஸ்க்ல குறை எதுவும் இல்லை." மறுபடியும் அதே சொல். திருப்பி அனுப்பும் காலமும் முடிந்துவிட்டதாம்.

டேட்டா வெளியே வந்துவிட்டதால், இனி டிஸ்க் செத்தாலும் பரவாயில்லை என்று ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு டி போட்டு லாங் கொடுத்து நீண்ட பரிசோதனையை ஓட்டினேன். ஷார்ட் என்ற குறும்பரிசோதனை இரண்டு நிமிடத்தில் முடியும், டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியைத்தான் தொடும். லாங், ஓரம் முதல் ஓரம்வரை படிக்கும்; இந்த அளவு டிஸ்க்குக்கு எட்டு மணி நேரம்போல ஆகும். என்னுடையது பத்து சதவீதத்திலேயே நின்றது. 'கம்ப்ளீட்டட்: ரீட் ஃபெய்லியர்', எந்த இடத்தில் என்ற எண்ணோடு. கவனியுங்கள், சாகும் டிஸ்க்கில் டேட்டா இன்னும் உள்ளே இருக்கும்போது இதை ஓட்டாதீர்கள். அந்தப் பதிவு, உத்தரவாதப் பக்கத்தின் படம், சைக்கிள்காரரின் ஸ்டில் மூன்றையும் சேர்த்து அனுப்பிய பிறகு குரல் மாறியது. மாற்று டிஸ்க் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள்.

அது வருவதற்குள் ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்து வரும் வெறும் டிஸ்க், பொதுவாக முதல் பைட்டிலிருந்து கடைசிவரை பூஜ்யமாகத்தான் படிக்கும். இரண்டை ஒப்பிடும் சிஎம்பி என்ற பழைய கட்டளைக்கு ஒரு பக்கம் டிஸ்க்கையும் மறுபக்கம், முடிவில்லாமல் பூஜ்யமே தரும் டெவ் ஜீரோவையும் கொடுத்தால், பூஜ்யம் இல்லாத முதல் பைட்டில் நின்று இடத்தைச் சொல்லும். படிக்க மட்டும்தான் செய்யும், எழுதாது. முழுவதும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் முடிந்தது என்று சொல்லி நிற்கும். முழு டிஸ்க்கையும் படித்துப் பார்த்ததாகவும் ஆகிவிடும். ஃபார்மட் செய்தே விற்கும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கு இது பொருந்தாது. முழுக்கப் பூஜ்யம் எழுதிவிட்டு விற்கும் பொறுமைசாலித் திருடனையும் இது பிடிக்காது. அவனுக்குத்தான் சீரியல் எண்ணும் லாங் பரிசோதனையும்.

மாற்று டிஸ்க் வந்தது. அதே வெள்ளிப் பை, அதே பொட்டலம். பவர் ஆன் ஹவர்ஸ்: 0. பெரிய ஹெச் கேட்டேன், 'பாஸ்டு'. மாட்டியிருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சீரியல் எண்ணைப் பார்த்து, சரியான டிஸ்க்தான் என்று உறுதி செய்துகொண்டு சிஎம்பியை ஓடவிட்டேன். எப்படியும் ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் எட்டு ஜிகாபைட்டை மட்டும் துடைத்திருந்தார்கள்.