பத்தமடைப் பட்டுப் பாய்: ஒரே வீட்டில் வாங்கிய இரண்டு

போன மாதம் மகள் கல்யாணத்துக்குப் பத்தமடையில் ஒரு பட்டுப் பாய் வாங்கினேன். பேர்தான் பட்டு, பட்டு மாதிரி மெல்லிசாக நெய்த கோரைப் பாய். 120-ஆம் நம்பர் (நெசவு எவ்வளவு நெருக்கம் என்று சொல்கிற எண்), பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டு நெய்தது, 6,500 ரூபாய். நெசவில் குறை இல்லை. ஆனால் இதே வீட்டில் 1997-இல் என் கல்யாணத்துக்கு வாங்கிய பாயை அறிந்தவன் நான். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அதை நெய்த பெரியவரை ஊரில் பாய் என்றுதான் கூப்பிடுவோம். "பாய் நெய்யிற பாய்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையிலேயே கீறிக் காயவைப்பார். அப்புறம் கட்டுக் கட்டாக ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போடுவார். உப்பிய கோரையைத் திரும்பக் காயவைத்து, நூல் மாதிரி கீறுவார். அவர் மனைவி ஒவ்வொன்றாகச் செருகிக் கொடுக்க, இவர் அச்சை இழுத்து அடிப்பார். நடுவில் பேச்சே இருக்காது. சாயங்காலம் கடைசி மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மட்டும் தறி நிற்கும். எழுந்துபோய் அவரே டீ ஆற்றி அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப உட்காருவார்.

தேதி கேட்டு மூன்று தடவை போனேன். "கோரைதான் தம்பி சொல்லணும். அவசரப்பட்டா முறிஞ்சிரும்லா." கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் கைக்கு வந்தது. எனக்கு அப்போது நல்ல கோபம்.

அந்தப் பாயில் ஓர நூல் பிரிந்திருக்கிறது, சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது. மற்றபடி இன்றைக்கும் வேட்டி மாதிரி மடிக்கலாம், ஒரு கோரை முறியாது. சித்திரை வெயிலில் அதில் படுத்தவர்களுக்கு வேறு பாய் பிடிக்காது.

இப்போது தறியில் உட்காருவது மூத்த மகள். வாப்பா மௌத்தாகி நாலு வருஷம் ஆச்சு என்றார். பழைய கதையைச் சொன்னதும், "ஒங்க பாய் லேட்டானது என்னாலதான். அந்த மாசம் என் கல்யாணப் பாயும் தறியில கெடந்துச்சி. அது முடியாம வாப்பா வேற எதையும் தொடமாட்டேன்னுட்டாங்க" என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுமந்த கோபம், அந்தத் திண்ணையிலேயே போயிற்று.

சரி, புதுப் பாய். அடர்த்தி நன்றாக இருக்கிறது, மடித்தால் மடிகிறது. சாயம்தான் கண்ணைக் கூசுகிறது. மகள் பேரில் வருகிற 'ழி'யின் சுழி மொண்ணையாக விழுந்திருக்கிறது. "வாப்பான்னா 'ழ'வுக்கே அரை நாள் ஒக்காருவாங்க" என்று அவரே ஒத்துக்கொண்டார். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு 1953-இல் இங்கிருந்து பாய் போன கதையைக் கடைக்குக் கடை சொல்வார்கள். கதைக்குக் காசு கொடுக்காமல் பாயை மடித்துப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில்தான் ஊர், ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பாதிப் பணம் முன்னால் கேட்பார்கள். எனக்கு 40 நாள் என்றார்கள், 52 ஆனது. ஐப்பசி கார்த்திகையில் ஆர்டர் கொடுக்காதீர்கள், மழையில் கோரை காயாது.