கல்யாணத்துக்காக ஞானஸ்நானமா, விலக்கு வாங்கிக் கல்யாணமா?

சாந்தோம் பக்கம் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டப்போகும் இந்துப் பையனுக்கு, மாதா கோயிலில் (சர்ச்சில்) கல்யாணம் என்றால் இரண்டு வழி.

ஒன்று, ஞானஸ்நானம் வாங்கிக்கொள்வது. மனதில் விசுவாசம் இல்லாமல் வாங்கினால் செல்லுமா? செல்லும். தண்ணீர், ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே’ என்ற வார்த்தை, திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கம், பெரியவர் என்றால் அவருடைய சம்மதம், இவை போதும். சரியான விசுவாசம் இல்லாவிட்டாலும் ஞானஸ்நானத்தின் முத்திரை, அதாவது ஆன்மாவில் விழும் அழியாத அடையாளம், பதியும் என்றுதான் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் சொல்கிறார். அருளின் பலன்தான் கிடைக்காது. பின்னாளில் மனம் திரும்பினால் அது உயிர்பெறும், மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். (உள்ளுக்குள் ‘எனக்கு வேண்டாம்’ என்று மறுத்துக்கொண்டு வெளியே நடித்தால் செல்லாது.) ஆனால் செல்லும் என்பதற்காகக் கொடுத்துவிடலாம் என்றில்லை. திருச்சபைச் சட்டம் 865 மறைக்கல்வியும் பாவத்துக்கு வருந்துதலும் கேட்கிறது. ஒப்புக்குத் தலையாட்டுபவரைப் பங்குச் சாமியார் காத்திருக்கச் சொல்வதுதான் முறை.

இன்னொன்று, ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் கட்டக்கூடாது என்று அதே திருச்சபைச் சட்டம் 1086 சொல்லும் தடைக்கு ஆயரிடம் (பிஷப்பிடம்) விலக்கு வாங்குவது. பையன் மாற வேண்டாம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க இயன்றதைச் செய்வதாகப் பெண் வாக்குக் கொடுப்பாள், அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணம் செல்லும், ஆனால் ஞானஸ்நானம் போல அருள் தரும் புனிதச் சடங்கு, அதாவது அருட்சாதனம், ஆகாது. அத்தைமார் முணுமுணுப்பார்கள், சரி.

நம்பிக்கை இல்லாதவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அப்புறம் நிஜமாகவே நம்பிக்கை வந்தால் அப்போது ஞானஸ்நானம் பெறலாம். கல்யாணமும் அன்றே அருட்சாதனமாகிவிடும், மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை.